புதன்கிழமை பஸ்ஸும் ஏழாம் கேள்வியும்

புதன்கிழமை காலை ஒன்பதரைக்கு எங்கள் கட்டடத்து வாசலுக்கு ஒரு சின்ன வெள்ளை பஸ் வரும். டொரொண்டோவின் ஸ்காபரோ பகுதியில் நாலைந்து அப்பார்ட்மெண்டுகளைச் சுற்றி, என்னைப் போன்ற பன்னிரண்டு கிழடுகளை ஏற்றிக்கொண்டு போய்ச் சமூக நிலையத்தின் கீழ்த்தள மண்டபத்தில் இறக்கிவிடும். அங்கே கதிரையில் இருந்தபடியே அரை மணி நேரம் கையையும் காலையும் ஆட்டுவோம். பிறகு சூப், தேநீர், ஓயாத கதை. யாருடைய முழங்கால், யாருடைய பிரஷர், யாருடைய மருமகள் என்று நேரம் போவதே தெரியாது. ஞாயிறு மாலையில் அஜக்ஸ் நகரத்தில் இருக்கும் மகன் தொலைபேசியில் வருவான். மற்ற நாட்களில் என் வீட்டில் தொலைக்காட்சி மட்டும்தான் பேசும். அதற்கு நான் பதில் சொல்லவும் தொடங்கியிருந்தேன். பெரும்பாலும் திட்டுத்தான்.

இந்த பஸ்ஸை நிறுத்தப்போகிறார்கள் என்ற கதை போன வருடம் வந்தது. மண்டபத்துக்குப் பொறுப்பான பெண் எங்களை வட்டமாக இருத்தி வைத்து விளக்கினாள். தண்ணீர் தருவதும் குப்பை அள்ளுவதும் நகரசபை செய்தே ஆகவேண்டிய வேலைகள். இந்த பஸ் அப்படியல்ல. விரும்பினால் பணம் ஒதுக்கச் சபைக்கு அதிகாரம் உண்டு. விரும்பாவிட்டால் யாரும் கட்டாயப்படுத்த முடியாது.

"அப்படியென்றால் எங்களைவிடக் குப்பைப் பைக்கு மரியாதை கூட," என்று நான் சொன்னேன். அந்தப் பெண் பாவம், சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் நின்றாள். "தேவை இருக்கிறது என்று காட்டினால் தருவார்கள்," என்று சொல்லி ஆளுக்கொரு படிவத்தைக் கொடுத்தாள்.

இருபது வருடம் தொழிற்சாலையில் பொதி கட்டியபோது பொறுக்கிய ஆங்கிலம் என்னிடம் இருந்தது. அதனால் பன்னிரண்டு படிவத்தையும் நிரப்புகிற வேலை என் தலையில் விழுந்தது. ஆறு கேள்விகள் சுலபமாகப் போயின. வயது என்ன, பிடித்து நடக்க வோக்கர் வைத்திருக்கிறீர்களா, பனிக்காலத்தில் தனியாக வெளியே போவீர்களா என்பது மாதிரியான கேள்விகள். ஏழாவது கேள்வி இது: இந்தச் சேவை இல்லாவிட்டால், வாரத்தில் எத்தனை நாள் நீங்கள் பேச ஆளின்றி இருப்பீர்கள்?

முதலில் கேட்டது பக்கத்துக் கட்டடத்துப் பத்தாம் மாடி அக்காவிடம். போன மாரியில் குளியலறையில் வழுக்கி விழுந்து ஒரு பகல் முழுக்கத் தரையில் கிடந்தவர்.

"ஒரு நாளும் இல்லை எண்டு போடும் பிள்ளை," என்றார். "எனக்கு மூண்டு பிள்ளையள் இருக்கினம். ஆள் இல்லை எண்டு எழுதினால் அவையளுக்கெல்லே வெக்கம்."

அடுத்துக் கேட்ட அண்ணையும் தலையை ஆட்டினார். "ஓம், பூச்சியம் போடுங்கோ. வெள்ளைக்காரன் வாசிச்சிட்டு, தமிழ்ப் பிள்ளையள் தாய் தேப்பனை விட்டிட்டுதுகள் எண்டு நினைப்பான்."

எனக்குள் சிரிப்பு வந்தது. இப்படியும் ஒரு வறட்டுக் கௌரவமா என்று நினைத்தேன். ஆனாலும் அவர்கள் சொன்னபடியே எழுதினேன். மற்றவர்களும் பூச்சியம்தான். கடைசியாக என் படிவம். அதை யார் வாசித்தாலும் என் மகனை ஒரு சொல் குறையாகச் சொல்லக் கூடாது. நானும் பூச்சியம் போட்டேன்.

இரண்டு மாதம் கழித்து அறிக்கை வந்தது. இந்த பஸ்ஸில் வருபவர்களுக்குக் குடும்ப ஆதரவு நிறைய இருக்கிறது, ஆகவே வேறு இடங்களுக்கு முன்னுரிமை கொடுக்கலாம் என்று அதில் இருந்தது. சபை முடிவெடுக்கும் முன் பொதுமக்கள் வந்து ஐந்து நிமிடம் பேசலாம். நான் பெயர் கொடுத்தேன்.

வந்த வினை, அதை மகனிடமும் சொல்லிவிட்டேன். அவன் வேலைக்கு லீவு போட்டுவிட்டு, 401 நெடுஞ்சாலை நெரிசலில் ஊர்ந்து வந்து என்னை ஏற்றிக்கொண்டு போனான். வழியில் கோப்பி வாங்கித் தந்தான். கழுத்துத் துண்டைச் சரிசெய்து விட்டான். எவ்வளவு நாளைக்குப் பிறகு அவன் விரல் என் கழுத்தில் பட்டது! அந்த ஒரு காலைக்காகவே பஸ்ஸை நிறுத்தலாம் போல இருந்தது எனக்கு.

சபை மண்டபத்தில் மைக் முன்னால் நன்றாகத்தான் பேசினேன். உறைந்த நடைபாதை, சூப், வோக்கரோடு பெரிய பஸ்ஸில் ஏற முடியாத கஷ்டம் எல்லாம் சொன்னேன். முடித்ததும் கண்ணாடி போட்ட ஓர் அங்கத்தவர் மிகவும் மரியாதையாகக் கேட்டார். பேச ஆளில்லாத நாள் பூச்சியம் என்று உங்கள் குழுவில் எல்லோரும் எழுதியிருக்கிறீர்களே, அது சரியா?

கெட்ட மனதோடு கேட்டதல்ல. பணம் ஒதுக்க அவருக்கு ஒரு காரணம் வேண்டும். அந்தக் காரணம் என் தொண்டை வரை வந்துவிட்டது. திரும்பிப் பார்த்தேன். இரண்டாம் வரிசையில் மகன் கைபேசியை உயர்த்தி என்னைப் படம் பிடித்துக்கொண்டிருந்தான். முகமெல்லாம் பெருமை.

"சரிதான்," என்றேன்.

காரில் அவன் சொன்னான்: "நல்லாக் கதைச்சனீங்கள் அம்மா. கொஞ்சமும் பயப்பிடேல்லை." நான் கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன். அழுகை வந்தது. தும்முகிற மாதிரிச் சமாளித்தேன்.

வசந்தம் வருவதற்கு முன்பே பஸ் நின்றுவிட்டது. சட்டப்படி அவர்கள் ஒரு பிழையும் செய்யவில்லை. பத்தாம் மாடி அக்காவுக்குத் தொலைபேசி எடுத்தேன். "எனக்கென்ன குறை பிள்ளை, நல்லா இருக்கிறன்," என்றார். மற்றவர்களும் அதையேதான் சொன்னார்கள். அவர்கள் படிவங்களை என் கையால் எழுதியவள் நான். மேலே ஒன்றும் கேட்கவில்லை.

போன ஞாயிறு மகன் எடுத்தான்.

"இப்ப புதன்கிழமையளிலை என்னம்மா செய்யிறியள்?"

"ஆக்கள் இஞ்சை வருகினம் தம்பி. தேத்தண்ணி போட்டுக் குடிச்சுக்கொண்டு கதைப்பம்."

"பாத்தியளே, பஸ் இல்லாட்டியும் ஒண்டும் குறையேல்லை. சரியம்மா, அடுத்த ஞாயிறு எடுக்கிறன்."

எனக்கு அவன்மேல் கோபம் வரவில்லை. வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும், திட்டுவதற்காவது ஓர் ஆள் கிடைத்திருக்கும். தொலைபேசியை வைத்துவிட்டு விரலை மடக்கினேன். திங்கள், செவ்வாய், புதன், வியாழன், வெள்ளி, சனி. ஏழாம் கேள்விக்கு நான் எழுதியிருக்க வேண்டிய விடை ஆறு.