சூடு படாத தோல்

வாலாஜாபேட்டையில் தோல் பதனிடும் ஷாப்பில் முனிரத்தினம் தரம் பிரிக்கிறவன். பச்சைத் தோலை விரித்து ஒருமுறை தடவினால் போதும், அந்த மாடு எத்தனை சாட்டையடி வாங்கியது, நோய்க்கு எங்கே சூடு போட்டார்கள் என்று சொல்லிவிடுவான். மனுஷரைப் பற்றித்தான் ஒன்றும் தெரியாது என்று மற்றவர்கள் கேலி செய்வார்கள். அவனும் யாரோடும் ஒட்டமாட்டான்.

முன்பு அவன், மயிர் கழல தோலை ஊறப்போடும் சுண்ணாம்புத் தொட்டியில் வேலை செய்தவன். 1918 விஷக்காய்ச்சலில் அவன் மனைவி செண்பகத்தையும் இன்னும் ஏழு பேரையும் பாலாற்றங்கரையில் ஒரே குழியில் போட்டுச் சுண்ணாம்பைக் கொட்டினார்கள். கிட்டே போய்ப் பேர் சொல்லிக் கூப்பிட, ஒரு பிடி மண் போடக்கூட அவனை விடவில்லை. அதற்கப்புறம் சுண்ணாம்பில் கை வைக்க அவனுக்கு மனம் வரவில்லை.

வீட்டில் மிஞ்சியது செண்பகம் ஆசையாக வாங்கிய எருமைக் கன்று, கருப்பாயி. இடது விலாவில் உள்ளங்கையளவு வெள்ளை. பதினோரு வருஷம் அவன் மனம்விட்டுப் பேசியதெல்லாம் அதனோடுதான். அது செத்தபோது, தோலுரிக்கும் காசியை வரவேண்டாமென்று சொல்லிவிட்டு, கொல்லையில் தானே குழி வெட்டி மஞ்சள் தெளித்துப் புதைத்தான்.

மேஸ்திரி ரஷீத் அஹமதுக்கு இது விளங்கவில்லை.

"மனுசன் வேற, மாடு வேற முனிரத்தினம். தெனம் நூறு தோல் பாக்குற. இது மட்டும் இன்னா ஜாஸ்தி?"

"எம் பொண்டாட்டிய குழியில போட்டப்ப அந்த வித்தியாசத்த யாரும் பாக்கல பாய். பேர் சொல்லி அழ ஒரு ஆள் இருந்தா, மண்ணு போடணும். எனக்குத் தெரிஞ்சது அவ்ளோதான்."

நாலாம் நாள், உப்புப் போட்ட தோல்கட்டை அவிழ்த்தபோது அந்த வெள்ளை தெரிந்தது. புதைத்த அன்றே, அவன் வேலைக்குப் போன நேரம் பார்த்துக் காசி தோண்டி உரித்து ஷாப்புக்கு விற்றிருக்கிறான். ஊர் வழக்கப்படி செத்த மாடு காசியின் பாத்தியதை. வீட்டில் நாலு வாய் வேறு. அவனைத் திட்டக்கூட முனிரத்தினத்துக்கு நியாயம் கிடைக்கவில்லை.

பழக்கத்தில் கை தடவியது. சாட்டைத் தழும்பு இல்லை. சூடு இல்லை. தினமும் சாயங்காலம் அவன் பொறுக்கிப் போட்டதால் உண்ணி கடித்த புள்ளிகூட இல்லை.

ரஷீத் அஹமது எட்டிப் பார்த்து, இப்படியொரு தோலைப் பார்த்து எத்தனை நாளாயிற்று, யார் வளர்த்த மாடு என்று கேட்டார்.

"மொதல் தரம் பாய்" என்றான் முனிரத்தினம்.

தூக்க வந்த ஆட்களை விலக்கிவிட்டுத் தானே தோளில் போட்டுக்கொண்டு போனான். பதினோரு வருஷமாகத் தொடாத சுண்ணாம்புக்குள் தன் கையாலேயே இறக்கினான். கருப்பாயி என்று கூப்பிட்டான். அப்புறம், அன்றைக்குக் கூப்பிட விடாத செண்பகத்தின் பேரையும் சொல்லிக் கூப்பிட்டான்.