நீலத்தில் மூழ்கிய நாடு

அருள்புரத்தில் ஒரு பிரிண்டிங் பட்டறையில் நிற்கிறேன். என் நாவல் வெளியீட்டுக்கான டீ-சர்ட்டுகள் இங்கேதான் அச்சாகின்றன. பார்த்துவிட்டுப் போகலாம் என்று சென்னையிலிருந்து வந்திருக்கிறேன். ஒவ்வொரு வெள்ளைச் சட்டையின் நெஞ்சிலும் நான் ஆறு வருடம் கற்பனையில் கட்டிய கண்டத்தின் வரைபடம். நான்கு இனங்கள், நான்கு நிறங்கள், சுற்றிலும் நீலக் கடல். எண்ணிப் பார்த்தால் மூன்று இனம்தான் இருக்கிறது. தெற்கே சதுப்பு நிலத்தாரின் நாடு முழுக்கக் கடலாகிக் கிடக்கிறது.

"இந்த நாடு எங்கேய்யா?" என்று கத்திவிடுகிறேன்.

மாஸ்டர் சாயத்தைக் கலக்கிக்கொண்டே நிமிர்கிறார். "ஒரு கலருக்கு ஒரு ஸ்கிரீனுங்க. கடலோட சேத்தா அஞ்சு கலர் வருதுங்க. இந்த மெஷின்ல நாலு ஸ்கிரீன்தானுங்க மாட்ட முடியும்."

"அந்த மண்ணில் முதலில் குடியேறியதே அவர்கள்தான்!"

"கோவிச்சுக்காதீங்க சாமி. ஒண்ண எடுத்தாகோணுமில்லீங்களா? கொஞ்சமா இருக்கறவங்களத்தானுங்க எடுத்தேன்."

என் நாவலில் அவர்களைக் கடலுக்குள் விரட்டும் அரசனும் இதே காரணத்தைத்தான் சொல்கிறான். அவனைக் கொடியவனாகக் காட்ட நாற்பது பக்கம் எழுதினேன். இவரோ நாற்காலியைத் துடைத்துப் போட்டு, "உக்காருங்க, டீ சொல்றேன்" என்கிறார்.