செல்வத்துக்குக் கலக்கிய கிளாஸ்

பிள்ளைகளே, உங்களிடம் சொல்லாமல் வைத்திருந்த ஒன்றை இப்போது எழுதுகிறேன்.

நீங்கள் இருவரும் கொழும்புக்கு வேலைக்குப் போன பிறகு, மடுல்சீமைத் தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டில் எனக்குப் பேச்சுத்துணை இல்லை. ஹோட்டல் பாரில் வேலை செய்தபோது பழகிய காக்டெய்ல்களை ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டில் கலக்கி, நானே ருசி பார்ப்பேன். குலுக்குவதற்கு மூடிபோட்ட ஜாம் போத்தல்தான்.

ஒருநாள் பின்னேரம் பக்கத்து வீட்டுச் செல்வம் வந்தான். மனைவி லெபனானுக்கு வீட்டு வேலைக்குப் போகும்போது, இனிக் குடிப்பதில்லை என்று அவள் கையிலடித்துச் சத்தியம் செய்தவன். அது எனக்குத் தெரியும். தெரிந்தும், சேர்ந்து குடிக்க ஓர் ஆள் வேண்டும் என்ற ஆசையில் அவன் கிளாஸிலும் சாராயம் விட்டேன். வாசம் தெரியாமலிருக்கத் தேசிக்காய்ச் சாறும் இஞ்சியும் சீனியும் கூட்டினேன்.

"என்னாண்ணே, வெள்ளைக்காரன் சர்பத்தா?" என்று சிரித்தான்.

"வெறும் ஜூஸ்தான்டா, குடி."

உதடுவரை கொண்டுபோனவன் நிறுத்தி, முகர்ந்தான். என் முகத்தையே பார்த்தான்.

"வீட்டுல தனியா இருந்தா குடிச்சிருவேனோன்னு பயந்துதாண்ணே இங்க வந்தேன்."

கிளாஸைச் சிந்தாமல் மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டான்.

என் கிளாஸை ருசித்தேன். அளவெல்லாம் சரியாகத்தான் இருந்தது. இரண்டாவது வாய் இறங்கவில்லை. அந்த லயத்தில் நான் ஒருவன்தான் தனியாள் என்று அதுவரை நினைத்திருந்தேன்.

மறுநாள் செல்வம் வேலைக்குப் போயிருந்தான். சாராயம் இல்லாமல் நாலைந்து தரம் கலக்கி, ருசி பிடிபடும்வரை குடித்துப் பார்த்தேன். பிறகு ஒரு கிளாஸ் ஊற்றி, தட்டால் மூடி, பூட்டியிருந்த அவன் வாசற்படியில் வைத்துவிட்டு வந்தேன்.