முழங்கால் மடங்காத தவக்காலம்

வரதராசன்பேட்டை மாதா கோயிலில் பத்து வருஷமாக ஞாயிறு பூசையில் பைபிள் வாசகம் வாசித்தவள் அற்புதமேரி. போன தவக்காலத்தில் அவளுடைய வலது முழங்கால், மடக்கினால் பூட்டிக்கொள்ளத் தொடங்கியது. ஜெயங்கொண்டத்தில் எடுத்த எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லை. திருச்சியில் எடுத்த ஸ்கேனில்தான் பிடிபட்டது.

"மூட்டுக்குள்ள இருக்கிற சவ்வுல குருத்தெலும்பு முடிச்சு முடிச்சா வளர்ந்து, உதிர்ந்து கிடக்கும்மா. புத்துநோய் இல்ல, பயப்படாதீங்க. சின்னத் துளை போட்டு எடுத்துடலாம்" என்றார் டாக்டர். இரண்டு தடவையும் கூடவே வந்து எல்லாவற்றையும் கேட்டவள் நாத்தனார் ஜெசிந்தா.

ஆபரேஷனுக்கு நாள் குறித்துவிட்டுத் திரும்பிய வாரமே வாசகம் ஜெசிந்தாவின் கைக்குப் போயிருந்தது. அற்புதமேரி பங்குச் சாமியாரிடம் காரணம் கேட்டாள்.

"நீ மாதாவைக் கும்பிடாத வேற சபைக்கு மாறிட்டே, அதான் மாதாவுக்கு முன்னால முட்டி போட மாட்டேங்கிறேன்னு உன் நாத்தனாரே அழுதுக்கிட்டு வந்து சொன்னிச்சேம்மா."

ஊரே சொல்லியிருந்தாலும் அற்புதமேரி பொறுத்திருப்பாள். ஸ்கேன் படத்தைத் தன் மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தவள் சொன்னாளே!

மூட்டிலிருந்து நாற்பத்தொரு வெள்ளை உருண்டைகளை எடுத்தார்கள். கெட்டுப்போன சவ்வையும் சுரண்டினார்கள். மூன்று மாதம் கழித்துப் பூசையில் எல்லோரோடும் முழங்காலிட்டாள், வலியில்லாமல் எழுந்தாள். வாசகம் வாசித்துவிட்டு வந்து பக்கத்தில் நின்ற ஜெசிந்தா, "பாத்தீங்களா அண்ணி, நான் வேண்டிக்கிட்டது வீண் போகல" என்று கிசுகிசுத்தாள்.

இயேசு கற்றுத்தந்த பரலோக மந்திரம் தொடங்கியது. அற்புதமேரி எல்லோரையும்விட உரக்கச் சொன்னாள். தீமை செய்தவர்களைப் பொறுத்து மன்னிக்கிற வரி வந்தபோது மட்டும் வாயை இறுக மூடிக்கொண்டாள்.