காற்று தெரிந்தவன்

என் மகளுக்கு அப்போது மூன்றரை வயது. இழுப்பு வந்துவிட்டால் பேச்சு இரண்டு வார்த்தைக்கு மேல் ஓடாது. "நைனா, தண்ணி" என்பாள். மூச்சு வாங்கிவிட்டுத்தான் "குடு" என்பாள். 

நான் காசிமேட்டிலிருந்து விசைப்படகில் கடலுக்குப் போகிறவன். காற்றைப் பற்றி எனக்கு யார் பாடம் எடுப்பது? மேல்காற்று எடுத்தால் மேற்கே மணலி பக்கத்து ஆலைப் புகை நெடி திருவொற்றியூரில் எங்கள் தெரு வரைக்கும் வரும். காற்று திரும்பும் முன்பே ஜன்னல்களைச் சாத்தி, கதவிடுக்கில் ஈரத்துணி சொருகிவிடுவேன். "இனிமே ஒரு பொட்டு புகை உள்ள வர்ட்டும் பாக்கலாம்!" என்று மார்தட்டுவேன். தெருவில் நாலு பேரிடம் பீற்றிக்கொள்ளவும் செய்தேன்.

ஒரு வெள்ளிக்கிழமை காலை அப்படித்தான் எல்லாவற்றையும் சாத்தினேன். ஒரு மணி நேரத்துக்குள் மகளுக்கு மூச்சிழுக்கையில் விலா எலும்புகளுக்கு இடையே குழி விழ ஆரம்பித்தது. அள்ளிக்கொண்டு நானும் மனைவியும் ஆட்டோவில் ஏறினோம். கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவில் ஆட்டோ புகுந்து போக, நான் வழியெல்லாம் கத்திக்கொண்டே வந்தேன்.

மருத்துவமனையில் அவள் முகத்தில் நெபுலைசர் மாஸ்க்கை வைத்தார்கள். "மூணு தடவ வெச்சுப் பாக்கலாம். அப்பவும் பேச்சு உடைஞ்சு உடைஞ்சு வந்தா அட்மிஷன்தான்" என்றார் டாக்டரம்மா. என் மனைவி என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

வீட்டில் புகை உண்டா என்று நர்ஸம்மா கேட்டார். விடுவேனா? மேல்காற்று, ஜன்னல், ஈரத்துணி என்று முழுக் கதையையும் சொன்னேன். அவர் குனிந்து குழந்தையின் தலைமுடியை முகர்ந்து பார்த்தார்.

"இது இன்னா வாசனை?"

"சாம்பிராணி. வெள்ளிக்கிழமைல்ல? படகுக்குப் போட்டுட்டு வந்து வூட்டுக்கும் நான்தான் போடுவேன். மூலை முடுக்கெல்லாம் காட்டிடுவேன்."

"ஜன்னல சாத்திக்கினா?"

"ஆமா, எல்லாத்தையும் சாத்திட்டுத்தான்..." என்றேன்.

"வெளிய கீற புகைய நிறுத்திட்டு உள்ள நீயே மூட்டம் போட்டுக்கினியா அண்ணே?" என்று நர்ஸம்மா தலையில் அடித்துக்கொண்டார்.

"காத்து தெரிஞ்ச ஆளு!" என்றாள் மனைவி. அத்தனை பயத்திலும் அவளுக்குச் சிரிப்பு. எனக்கு என்னையே நாலு அறை விடலாம் போலிருந்தது. எத்தனை வெள்ளிக்கிழமை இப்படிச் செய்திருப்பேன்!

முதல் தடவை மருந்து போனது. "நைனா, வேணாம்" என்பதோடு பேச்சு நின்றுவிட்டது. இரண்டாவது தடவைக்குப் பிறகு மூன்று வார்த்தை வந்தது. மூன்றாவது முடியும்போது நான் உட்கார முடியாமல் கட்டிலைச் சுற்றிச் சுற்றி நடந்தேன். திடீரென்று மகள் மாஸ்க்கைப் பிடுங்கி எறிந்து, நர்ஸம்மாவைக் கைகாட்டினாள்.

"இந்த அக்காவ போ சொல்லு நைனா நான் வூட்டுக்குப் போயி வஞ்சரம் துன்னணும் உனுக்கு ஒரு துண்டு கூட குடுக்க மாட்டேன்!"

அவ்வளவும் ஒரே மூச்சில்! டாக்டரம்மா ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேட்டுவிட்டுச் சிரித்தார். நான் போட்ட கூச்சலில் பக்கத்துக் கட்டிலில் இருந்தவர்கள் எழுந்து பார்த்தார்கள்.

"இன்னொரு வாட்டி திட்டும்மா" என்று மகளிடம் கெஞ்சினேன். அவள் இன்னும் நீளமாகத் திட்டினாள். கேட்கக் கேட்க எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.