மருந்துக்கடைக்காரர் கார்ட்டூன் பார்க்கிறார்

ரிமோட் கைக்கு வந்ததும் மருந்துக்கடைக்காரர் முதலில் செய்வது, ஒலியை அடியோடு நிறுத்துவது. பிறகுதான் மூக்குக்கண்ணாடியைத் துடைப்பார். திரையின் அடியில் ஓடும் எழுத்துகளை, டாக்டர்களின் கிறுக்கலைப் படிக்கும் அதே சந்தேகத்தோடு படிக்க ஆரம்பிப்பார். "காது சுலபமா ஏமாந்துரும். ஒரு பாட்டைப் போட்டுட்டா எந்த விஷமும் தேனா உள்ள இறங்கும். எழுத்துதான் வசமா மாட்டிக்கும்" என்பது அவர் கட்சி.

ஒன்பது வருஷமாகத் திருச்சபையின் மாத மடலில், பிள்ளைகளுக்கான கார்ட்டூன் தொடர்களை அலசி எழுதுகிறார். சபையில் முக்கால்வாசி வீடுகளில் இருவருமே வேலைக்குப் போகிறவர்கள். சொந்தபந்தமெல்லாம் கடலுக்கு அந்தப் பக்கம். "இங்க நம்ம பிள்ளைங்களுக்கு டி.வி.தான் மாமா, சித்தப்பா, அத்தை எல்லாம். வீட்டுக்குள்ள வர்றது யாருன்னு பாக்க வேண்டாமா?" என்பார்.

பார்க்கத்தான் பார்க்கிறார். மடியில் நோட்டு, அதில் நான்கு கட்டங்கள்: பொய், அடிதடி, எதிர்த்துப் பேச்சு, மனந்திரும்புதல். முதல் மூன்றில் எத்தனை கோடு விழுந்தாலும், நான்காவதில் ஒன்றே ஒன்று விழுந்தால் மனிதர் இளகிவிடுவார். தீர்ப்பு மட்டும் கடை பாஷையில் வரும்: 'ஏழு வயதுக்கு மேல். வாரம் ஒரு பாகம். பெற்றோர் அருகில்.' ஒரு டிராகன் தொடருக்கு 'படுக்கும் முன் கூடாது' என்று எழுதியதை இன்றும் சொல்லிச் சிரிக்கிறார்கள். சிரிக்கிற வீட்டிலும் அவர் வேண்டாமென்றது ஓடாது.

போன வாரம் வந்தது ஒரு விண்வெளித் தொடர். கொண்டுவந்தவள் மனைவியின் தங்கை, ஞாயிறு பள்ளி ஆசிரியை. விடுமுறை வகுப்பில் அதைத்தான் போடப்போகிறோமென்று நம்பி, இருபது பிள்ளைகளை அட்டைப்பெட்டியில் ரோபோ செய்யவும் வைத்துவிட்டாள். இவரோ பன்னிரண்டு பாகத்தையும் பார்த்துவிட்டு, 'முற்றிலும் தவிர்க்கவும்' என்று போதகருக்கு எழுதி அனுப்பிவிட்டார். சேதி தெரிந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் கூடத்தில் வந்து நின்றாள்.

"அத்தான், இருபது பிள்ளைங்க கிட்ட நான் என்ன சொல்றது?"

"நான் என்னம்மா பண்றது? கேப்டன் அந்த ரோபோவ வெளிய தள்ளிக் கதவைச் சாத்துறான். ஒரு மன்னிப்பு கேட்டானா? நாலாவது கட்டம் காலி!"

"கேட்டானே, கடைசிப் பாகத்துல!"

"எங்க கேட்டான்? ரெண்டு நிமிஷம் நமக்கு முதுகைக் காட்டிக்கிட்டுக் கதவு பக்கத்துல நிக்கிறான். கீழ ஒரு எழுத்து வரல."

அவள் இடுப்பில் கைவைத்து அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "அத்தான், அந்த ரோபோ தட்டித் தட்டித்தான் பேசும். கதை முழுக்க அவன் அதைக் கிண்டல் பண்றான். கடைசியில அதோட பாஷையிலேயே கதவைத் தட்டி மன்னிப்பு கேக்குறான். வெளிய இருந்து அதுவும் பதிலுக்குத் தட்டுது."

"அது பேசுமா?" அவர் நோட்டைப் புரட்டினார். "அது முன்னாடி நின்னு எல்லாரும் தனக்குத்தானே பேசிக்கிறாங்கன்னுல்ல எழுதி வச்சிருக்கேன்!"

அடுக்களையிலிருந்து மனைவியின் குரல் வந்தது: "என்னையும் ஃபோட்டோவ மட்டும் பாத்துட்டுத்தான் சரின்னாரு. குரலக் கேட்டிருந்தா தப்பிச்சிருப்பாரு!"

தங்கை ரிமோட்டைப் பிடுங்கி, கடைசிப் பாகத்தைப் போட்டு ஒலியைக் கூட்டினாள். டக். டக் டக். நீண்ட அமைதி. மறுபடி அதே தட்டல், இன்னும் மெதுவாக. பிறகு எங்கோ தொலைவிலிருந்து ஒரு டக்.

அவர் பேனாவைத் தொடவில்லை. ஃபோனை எடுத்தார்.

"ஐயா, நான் அனுப்பினதக் கிழிச்சிப் போட்டுருங்க... இல்லைங்கய்யா, தொடர் மேல குத்தமில்ல. நான்தான் சீட்டைப் பாதி படிச்சிட்டு மருந்து குடுத்துட்டேன். வகுப்புக்கு முன்னாடி புதுசா எழுதித் தர்றேன்."

ஃபோனை வைத்துவிட்டு மைத்துனியைப் பார்த்தார். "முதல் பாகத்துலேருந்து போடும்மா."

"பன்னிரண்டுமா, அத்தான்?"

"பன்னிரண்டும்."

சொல்லிவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மடித்துச் சட்டைப் பையில் போட்டார். நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டு கண்ணை மூடினார்.