அணைக்குள் ஐந்தாவது குரல்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது கட்டுக்கதை இல்லை. நடுராத்திரியில் நடந்ததும் இல்லை. 2024 நவம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை, பிற்பகல் 2.40க்கும் 4.05க்கும் நடுவில் நடந்தது. எனக்குத் தூக்கக் கலக்கம் இல்லை, காய்ச்சல் இல்லை, நான் குடிப்பதும் இல்லை. அணையின் பெயரை மட்டும் மிசோகுரா என்று மாற்றியிருக்கிறேன். வம்பு எதற்கு? மற்றதெல்லாம் நடந்தது நடந்தபடிதான்.

என் பெயர் தொகுரா சயோ. வயது நாற்பத்தேழு. மாட்சுமோட்டோ நகரத்தில் ஒரு பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை. கல்யாணம், குழந்தை, நாய், பூனை எதுவும் கிடையாது. லீவு நாளில் அணை பார்க்கப் போவேன். சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள், எனக்கு அது பழகிவிட்டது.

எங்களைப் போன்றவர்களுக்கு உயிர் அணை அட்டையில்தான் இருக்கிறது. ஒவ்வொரு அணை அலுவலகத்திலும் ஒன்று கொடுப்பார்கள். முன்பக்கம் அணையின் படம், பின்பக்கம் உயரமும் கட்டிய வருடமும். காசு கிடையாது. ஆனால் நேரில் வர வேண்டும், ஆளுக்கு ஒன்றுதான். வீட்டில் படுத்திருக்கும் தோழிக்கு என்று அழுதாலும் இன்னொன்று கிடைக்காது.

அப்படி ஓர் அட்டை வரிசையில்தான் உதகாவா ரித்சுகோவைச் சந்தித்தேன். பன்னிரண்டு வருடம் ஆகிறது. என்னைவிட மூன்று வயது பெரியவள். அவளுடைய குட்டிக் காரில் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கிளம்பிவிடுவோம். புது அணைக்கு ஒருத்தியை விட்டுவிட்டு இன்னொருத்தி போகக் கூடாது. இது எங்களுக்குள் இருந்த ஒரே சட்டம். அவள் இடுப்பெலும்பு முறிந்து கிடந்தபோது ஏழு மாதம் நான் எந்த அணைக்கும் போகவில்லை. இருநூற்றுத் தொண்ணூற்றொன்பது அணைகளில் ஒன்றைக்கூட நான் தனியாகப் பார்த்ததில்லை. கூடப் பிறந்தவளிடம்கூட எனக்கு அவ்வளவு ஒட்டுதல் இல்லை.

முந்நூறாவதாக மிசோகுராவை ஒதுக்கி வைத்திருந்தோம். வருடத்துக்கு ஒரே ஒரு ஞாயிறு, அணையின் உள்ளே ஓடும் சுரங்கப் பாதையைத் திறந்து காட்டுவார்கள். தனி ஆளை உள்ளே விடமாட்டார்கள். ஜோடியாகத்தான் பெயர் கொடுக்க வேண்டும். உள்ளே போய் வந்தவர்களுக்கு மட்டும்தான் இந்த அணையின் அட்டை. 2023 நவம்பரிலேயே போயிருக்க வேண்டியது. எனக்குப் பித்தப்பையில் அறுவைச் சிகிச்சை நடந்ததால் தள்ளிப்போனது.

"அணை என்ன கால் முளைச்சு ஓடிடவா போகுது? நீ எழுந்து உட்காருடி முதல்ல," என்றாள் ரித்சுகோ. ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடி அதைக் கேட்டு எனக்குக் கண் கலங்கிவிட்டது.

சரி, அந்த நாளுக்கு வருகிறேன்.

பகல் 12.15க்கு அணைக்குக் கீழே இருக்கும் கடையில் சாப்பிட்டோம். சோற்றை அணை மாதிரி தட்டின் குறுக்கே கட்டி, ஒரு பக்கம் கறிக்குழம்பைத் தேக்கித் தருவார்கள். கரண்டியால் சோற்றை உடைத்துக் குழம்பைப் பாயவிடுவதில் ரித்சுகோவுக்குச் சின்னப் பிள்ளை மாதிரி சந்தோஷம். அன்று அவள் உடைக்கவே இல்லை. தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னடி, முந்நூறு வந்ததும் பெரிய மனுஷி ஆயிட்டியா?" என்று கேட்டேன்.

"பசிக்கல. நீ சாப்பிடு."

2.20க்கு அலுவலகத்தில் பெயர் எழுதினோம். வழிகாட்டியின் பெயர் ஹொஷினா. ஐம்பது வயதிருக்கும், சாதுவான முகம். என் பெயரைப் படித்துவிட்டு நிமிர்ந்து, மரியாதையாக 'சான்' சேர்த்துக் கேட்டார்.

"தொகுரா-சானா? மறுபடியும் வந்துட்டீங்களா?"

"இல்லைங்க, இதான் முதல் தடவை."

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். ரித்சுகோ குறுக்கே புகுந்தாள். "தினம் எத்தனை பேரைப் பார்க்கிறார், பாவம், குழம்பிட்டார்." சிரித்தாள். ஆனால் அவள் கழுத்தில் வியர்வை வழிந்தது. வெளியே நான்கு டிகிரி குளிர்.

நாங்கள் ஐந்து பேர். ஓய்வுபெற்ற ஒரு கணவன் மனைவி, அலுவலகத்துக்காகப் படம் எடுக்க வந்த, கேமரா தூக்கிய ஓர் இளைஞன், ரித்சுகோ, நான். எனக்குக் கிடைத்த ஹெல்மெட்டில் 5 என்று எழுதியிருந்தது. பாதை ஒடுக்கமானது, ஒருவர் பின் ஒருவராகத்தான் நடக்க முடியும். ஒரு கதவால் இறங்கி, அந்தப் பக்கம் இன்னொரு கதவால் ஏறி வெளியே வர வேண்டும். ஹொஷினா முன்னால் போவார். அவர் நிற்கும் இடத்திலெல்லாம் வரிசையாக எண் சொல்ல வேண்டும். தலை தெரியாத இடத்தில் குரலை வைத்துத்தான் எண்ணிக்கை.

"நீ கடைசில வாடி. படம் எடுக்கிறேன்னு நின்னு நின்னு வருவ," என்றாள் ரித்சுகோ. எப்போதும் கடைசியில் வருபவள் அவள்தான். நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

2.40. இரும்புக் கதவு திறந்தது. இருநூற்றுப் பதினான்கு படிகள், எல்லாம் கீழ்நோக்கி. சுவரெல்லாம் ஈரம். அதற்கு அந்தப் பக்கம் ஒரு மலை உயரத்துக்குத் தண்ணீர் நிற்கிறது என்ற நினைப்பே எனக்குப் போதும், மனசு குளிர்ந்துவிடும். பன்னிரண்டு வருடக் கனவு அது. நான் அங்கே பயப்படவே இல்லை. அதை நம்புங்கள்.

2.51. முதல் நிறுத்தம்.

"ஒன்னு."

"ரெண்டு."

"மூணு."

"நாலு," என்றாள் ரித்சுகோ.

"அஞ்சு," என்றேன்.

எனக்குப் பின்னாலும் ஒரு 'அஞ்சு' கேட்டது. எதிரொலி என்று நினைத்துக்கொண்டு படி இறங்கினேன். பத்துப் படி போன பிறகுதான் உறைத்தது. எதிரொலி குரலுக்குப் பிறகுதான் வரும். அது என் குரலுக்கு ஒரு நொடி முன்னால் வந்தது.

திரும்பிப் பார்த்தேன். குழல்விளக்குகள். படிகள். யாரும் இல்லை.

3.04. இரண்டாவது நிறுத்தம். அணை எவ்வளவு சாய்கிறது என்று அளக்க, உச்சியிலிருந்து ஒரு கம்பியில் தூக்குக்குண்டு தொங்கவிட்டிருந்தார்கள். எண் சொல்லச் சொன்னார் ஹொஷினா.

ஒன்னு. ரெண்டு. மூணு. நாலு.

நான் வேண்டுமென்றே வாயைத் திறக்கவில்லை.

"அஞ்சு."

என் குரல். அதே கரகரப்பு. என் பிடரிக்கு ஒரு சாண் பின்னாலிருந்து வந்தது...

"சரி, எல்லாரும் இருக்கீங்க," என்றார் ஹொஷினா. நடக்கத் தொடங்கிவிட்டார்.

முன்னால் நின்ற ரித்சுகோவின் கையைப் பிடித்தேன்.

"ரித்சுகோ... என் பின்னாடி யாரு?"

அவள் திரும்பவே இல்லை.

"மன்னிச்சுக்கடி சயோ. உன் பேரை ஒரு தடவை எழுதிட்டேன்... அதுக்கு மேல கேட்காத."

என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தாள். கத்தவில்லை, தள்ளவில்லை. பன்னிரண்டு வருடம் நான் பிடித்த கை அது. மெதுவாக, நிதானமாகக் கழற்றிவிட்டாள்.

அவள் நடந்தாள்.

நான் பின்னால் போகக் காலை எடுத்தேன்... வலது தோளில் ஈரமாக ஏதோ பட்டது. என்னைச் சுவரோடு ஒதுக்கியது.

என்னை உரசிக்கொண்டு ஒருத்தி போனாள்.

கடுகு மஞ்சள் மழைக்கோட்டு. என்னுடையது போலவே. முதுகு வரை முடி. அறுவைச் சிகிச்சைக்கு முன்னால் எனக்கு இருந்த முடி.

முகத்தைக் காட்டவில்லை.

அவள் காலடியில் சத்தமே இல்லை. தண்ணீர் சொட்டும் சத்தம் மட்டும். டொக்... டொக்...

கத்தினேன். தொண்டையிலிருந்து காற்றுதான் வந்தது. சுவரை விட்டு என்னால் நகரவும் முடியவில்லை.

3.22. தூரத்தில், மேலே, கடைசி எண்ணிக்கை கேட்டது.

ஒன்னு.

ரெண்டு.

மூணு.

நாலு...

அஞ்சு.

இரும்புக் கதவு மூடியது.

விளக்கு போனது.

கைப்பேசி வெளிச்சத்தில் படி ஏறினேன். எத்தனை முறை விழுந்தேன் என்று தெரியாது. கதவுக்குப் பக்கத்தில் சுவரில் ஒரு தொலைபேசி இருந்தது. எடுத்தேன். 3.41.

"அலுவலகம், ஹொஷினா பேசுறேன்."

அப்போதுதான் என் குரல் திரும்பி வந்தது. "நான் உள்ளே இருக்கேன். கதவைத் திறங்க."

"யாருங்க?"

"தொகுரா சயோ."



"விளையாடாதீங்க. தொகுரா-சான் இங்கதான் நிக்கிறாங்க. இப்பத்தான் அட்டை கொடுத்தேன்."

பின்னணியில் ரித்சுகோவின் குரல் கேட்டது. "வா சயோ, நேரமாச்சு." எனக்குக் கேட்டது, ஐயா. கார்க் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு கூப்பிடுகிற மாதிரி அவ்வளவு சாதாரணமாகச் சொன்னாள்.

நான் மறுபடி மறுபடி அழைத்த பிறகு, 4.05க்கு ஹொஷினா கதவைத் திறந்தார். என் முகத்தைப் பார்த்தார். என் தலையில் இருந்த 5ஆம் எண் ஹெல்மெட்டைப் பார்த்தார். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அலுவலக ஆணியில் இன்னொரு ஹெல்மெட் தொங்கியது. அதிலும் 5. உள்பக்கம் சேறும் தண்ணீரும்.

ரித்சுகோவின் கார் போயிருந்தது. இரண்டு பெண்கள் ஏறிப் போனதாகக் கேமரா இளைஞன் சொன்னான்.

ஹொஷினா எனக்குச் சூடாகத் தேநீர் கொடுத்துவிட்டு, பழைய பதிவேட்டைத் தேடி எடுத்தார். 2023 நவம்பர் 19. உதகாவா ரித்சுகோ. அடுத்த வரியில் தொகுரா சயோ. இரண்டும் அவள் கையெழுத்து. அன்று நான் வயிற்றில் தையலோடு ஆஸ்பத்திரியில் கிடந்தேன்.

"ஜோடியாத்தான் விடுவோம்னு சொன்னேன். தோழி கழிப்பறைக்குப் போயிருக்காங்க, பின்னாடியே வர்றாங்கன்னு சொல்லி ரெண்டு பேரையும் எழுதினாங்க," என்றார். "உள்ள போய் எண்ணினப்போ கடைசிக் குரல் வந்துச்சு. சரி, வந்து சேர்ந்துட்டாங்கன்னு விட்டுட்டேன்."

"வெளிய வரும்போது?"

"ஒரு குரல் குறைஞ்சுது. மூணு மணி நேரம் தேடினோம். அப்புறம், அதுக்குள்ள கிளம்பிப் போயிட்ட உங்க தோழியே போன் பண்ணி, நீங்க முன்னாடியே வந்து பஸ்ல போயிட்டதா சொன்னாங்க."

ஓர் அட்டைக்காக. எனக்காகக் காத்திருக்கிறேன் என்று சொன்ன வாயோடு, ஓர் அட்டைக்காக என் பெயரை எழுதியிருக்கிறாள். அந்தப் பெயருக்கு அங்கே ஏதோ பதில் சொல்லிவிட்டது. ஒரு வருடம் கழித்து அதை வெளியே கூட்டிவர, அதன் இடத்தில் நிற்க என்னைக் கூட்டிப்போயிருக்கிறாள். வந்தது பேயோ பிசாசோ, அதன்மேல் எனக்குக் கோபமில்லை. அது என்னை ஏமாற்றவில்லை.

ரித்சுகோ போனை எடுக்கவில்லை. முப்பத்தொரு முறை அழைத்தேன். அணை அலுவலகம் வெளியே சொல்ல வேண்டாம் என்று கெஞ்சியது. போலீஸிடம் என்னவென்று சொல்வது?

டிசம்பர் 1, மாலை 4.30. பக்கத்து ஊரான ஷியோஜிரியில் அவள் குடியிருக்கும் கட்டடத்துக்குப் போனேன். நாக்கைப் பிடுங்கிக்கொள்வது போல நான்கு கேள்வி கேட்க வேண்டும். அவ்வளவுதான் எனக்கு வேண்டியிருந்தது. கீழ்வீட்டு அம்மாள் வாசலில் இலை கூட்டிக்கொண்டிருந்தாள்.

"தொகுரா-சான், சாவியை மறந்துட்டீங்களா?" என்று கேட்டாள். "அட, முடி வெட்டிட்டீங்க. காலையில பார்த்தப்போ நீளமா இருந்துச்சே."

மாடிக்குப் போனேன்.

கதவில் இரண்டு பெயர்ப் பலகைகள். உதகாவா. தொகுரா.

உள்ளே சிரிப்புச் சத்தம். ரித்சுகோ வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாள். அந்தச் சிரிப்பை நான் பன்னிரண்டு வருடம் கேட்டவள்.

அழைப்புமணியை அழுத்தினேன்.

சிரிப்பு நின்றது. கதவுக்கு அந்தப் பக்கம் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் நெருங்கி வந்தது.

"யாரு?"

என் குரல்...

என் பெயரைச் சொல்ல வாயைத் திறந்தேன். வரவில்லை.

உள்ளேயிருந்து ரித்சுகோ சொன்னாள், ரொம்பப் பிரியமாக.

"விடுடி, சயோ. யாரோ வீடு மாறி வந்திருப்பாங்க."

நான் இறங்கி வந்துவிட்டேன்.